வலைத் திடலில் நெருஞ்சி: மருந்தடிக்காமல் ஒரு புல்தரையை மீட்ட அனுபவம்



பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊரை ஒட்டிய குப்பத்துக்கு ஒரு பொதுத் திடல் உண்டு. ஏறக்குறைய அரை ஏக்கர் இருக்கும். முழுக்க அருகம்புல். காலையில் ஏரியிலிருந்து வரும் வலைகளை அதில்தான் விரித்து உலர்த்துவார்கள். மதியம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைச் சரி செய்வார்கள். சாயங்காலம் பசங்க வாலிபால் ஆடுவார்கள். யாரும் விதைத்து, தண்ணீர் ஊற்றி வளர்த்த புல் இல்லை. ஆடு மாடு மேய்ந்தும் ஆள் மிதித்தும் பல தலைமுறையாகத் தானாகப் படிந்த புல்தரை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் திடலின் பள்ளமான பக்கத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தை மேடாக்க நாலைந்து லோடு சவுடு மண் கொண்டுவந்து கொட்டினார்கள். மண்ணோடு கூடவே நெருஞ்சியும் வந்துவிட்டது. அந்த மழைக்கே மஞ்சள் பூ பூத்துத் தரையில் படர்ந்தது. 'அழகா இருக்கே' என்று நானே சொல்லியிருக்கிறேன். தை மாதம் பிறந்தபோது முள் காய்ந்து உதிர ஆரம்பித்தது. விரித்த வலையைச் சுருட்டி எடுத்தால் முழம் முழத்துக்கு முள். "ஒரு முள்ளு எடுக்க ஒரு கண்ணி அறுத்துக்கினு வருது சார். மீன் புடிக்கிற நேரத்தவிட முள்ளு புடுங்குற நேரம்தான் ஜாஸ்தி" என்று அங்கலாய்த்தார் ஓர் அண்ணன்.

ஊர்க் கூட்டம் போட்டார்கள். 'பேங்க் சார் விவசாயம் பண்றாரு, அவரைக் கேளுங்க' என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் போவதற்குள்ளேயே ஒரு தம்பி முடிவையே சொல்லிவிட்டார்: "கடையில கேட்டுட்டேன் சார். புல்லுக்கு ஒண்ணும் ஆகாது, அகல இலைச் செடி மட்டும் செத்துடும். ரெண்டே டேங்க்கு, வேலை முடிஞ்சுது."

அவர் சொன்னது 2,4-டி. அதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தப்பு

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன். பயிர்க்கடன் விண்ணப்பங்களில் உரம், பூச்சிமருந்து, களைக்கொல்லி என்று போட்டிருக்கும் செலவுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டவன். ஓய்வு பெற்றதும் இங்கே இரண்டு ஏக்கர் வாங்கினேன். வீட்டு முன்னால் ஒரு லான், பின்னால் மாட்டுக்கு அருகம்புல் தரை. இரண்டிலும் சாரணையும் மூக்குத்திப் பூண்டும் ஏறிவிட்டன. 2017-ல் ஒருநாள் மதியம் 2,4-டி வாங்கி அடித்தேன். அப்போது இயற்கை விவசாயத்துக்கு வந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பகல் பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று எடுக்கும். என் தோட்டத்துக்கு மேற்கே ஒரு பாட்டியம்மாவின் வீடு. பந்தலில் அவரை, வாசலில் வெண்டையும் தக்காளியும். ஒரு வாரத்தில் தக்காளி இலையெல்லாம் சுருண்டு விரல் விரலாக நீண்டது. அவரைக் கொடியின் நுனி முறுக்கிக்கொண்டு நின்றுபோனது. 'யாரோ கண்ணு வெச்சிட்டாங்க' என்று அந்த அம்மா பந்தல் காலில் எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறக்க ஒரு மாதம் ஆனது.

ஒரு மாதம் கழித்துப் போய்ச் சொன்னேன். நஷ்டத்துக்குப் பணம் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். "இத அன்னிக்கே சொல்லியிருந்தா மறுபடி விதை போட்டிருப்பேனே அய்யா, ஒரு பட்டம் போச்சே" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் களைக்கொல்லி டப்பாவைத் தொடவில்லை.

2,4-டி ஏதோ புது மருந்து இல்லை. இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கண்டுபிடித்து, 1940-களின் நடுவில் விற்பனைக்கு வந்தது. செடிக்குள் இயற்கையாக இருக்கும் வளர்ச்சி ஊக்கியான ஆக்சின் போலவே நடிக்கும். அகன்ற இலைச் செடி கட்டுக்கடங்காமல் வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகும். புல்லினம் தாங்கிக்கொள்ளும். வியட்நாம் போரில் காடுகள் மேல் கொட்டிய 'ஏஜெண்ட் ஆரஞ்சு' கலவையில் பாதி இதுதான். மறுபாதியான 2,4,5-டி-யில்தான் டயாக்சின் நஞ்சு கலந்திருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2015-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2,4-டி-யை 'புற்றுநோய் உண்டாக்கச் சாத்தியம் உள்ளது' என்ற பிரிவில் வைத்தது. 2020 மே மாதம் மத்திய அரசு தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் பட்டியலில் இதுவும் இருந்தது. 2023-ல் வந்த இறுதித் தடையில் இது இல்லை. ஆகவே கடையில் கிடைக்கிறது.

கூட்டத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னேன். "திடலிலிருந்து ஏரித் தண்ணி நூறடி. இதுல எஸ்டர் வகைன்னு ஒண்ணு இருக்கு, அது மீனுக்கு இன்னும் கூடுதல் விஷம். இருளர் அக்காங்க இந்தக் கரையிலதான் கையால தடவி இறால் புடிக்கிறாங்க. இந்தத் திடல்லதான் நம்ம வீட்டுப் பொம்பளைங்க பருப்புக்கீரை கிள்ளுறாங்க. அடிச்சா நெருஞ்சி மட்டும் சாகாது, கீரையும் சாகும். சாகாம பாதியில நிக்கிற கீரையை யாராவது கிள்ளினா?"

தம்பி விடவில்லை. "அப்ப வலைக்கு என்ன பதில் சார்?" நியாயமான கேள்விதான். ஒரு வருடம் தாருங்கள், முடியாவிட்டால் உங்கள் இஷ்டம் என்றேன். தலைவர் ஒத்துக்கொண்டார்.

முதலில் அடையாளம்

களை எடுப்பதில் பாதி வேலை அதை அடையாளம் காண்பது. புல்லுக்கு ஒரே விதையிலை, நீள இலை, நேர்கோட்டு நரம்பு, சல்லி வேர். அகன்ற இலைக் களைக்கு முளைக்கும்போதே இரண்டு விதையிலை, வலைப்பின்னல் போல நரம்பு, பெரும்பாலும் ஆணிவேர். கோரை இந்த இரண்டிலும் சேராது. முக்கோணத் தண்டு, அடியில் கிழங்கு. அதற்கு வேறு வைத்தியம்.

அகன்ற இலை என்று தெரிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, விதையால் மட்டும் பிழைக்கிறதா, வேரிலிருந்தும் துளிர்க்கிறதா? இரண்டு, நிமிர்ந்து வளர்கிறதா, தரையோடு படர்கிறதா? இந்த இரண்டு பதிலிலேயே வைத்தியம் அடங்கிவிடும். எங்கள் திடலிலும் என் தோட்டத்திலும் கண்டவற்றைச் சொல்கிறேன்.

நெருஞ்சி: தரையோடு படரும். எதிரெதிராகச் சிறு இலைகள் கொண்ட கூட்டிலை, ஐந்து இதழ் மஞ்சள் பூ. காய் பழுத்தால் ஐந்து துண்டாக உடையும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும். ஒரு பருவச் செடி, ஆணிவேர். கழுத்துக்குக் கீழே அறுத்தால் மறுபடி துளிர்க்காது. இதுதான் அதன் பலவீனம்.

ஆனை நெருஞ்சி: கடலோர மணலில் இதுவும் உண்டு. பூ மஞ்சள்தான், ஆனால் குழல் வடிவம். இலை சதைப்பற்றானது, காய் முழுசாக நான்கு முள்ளோடு இருக்கும். செடியைத் தண்ணீரில் கலக்கினால் வெண்டைக்காய் போலக் கொழகொழக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சாரணை: முதல் மழைக்கே முளைத்துத் தரையை மூடும். ஜோடி இலையில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. பூ இலைக்கக்கத்தில் ஒளிந்திருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பூத்து விதை விடும்.

மூக்கிரட்டை: பார்க்கச் சாரணை மாதிரியே இருக்கும். ஆனால் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பூக்கள் கிளைத்த காம்பில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் கிழங்கு போலத் தடித்த வேர். மேலாகக் கிள்ளினால் பயனே இல்லை, கடப்பாரை போட்டு வேரோடு எடுக்க வேண்டும்.

பருப்புக்கீரை: பிடுங்கிப் போட்ட இடத்திலேயே துண்டு துண்டாக வேர்விடும். திடலில் போட்டுவிட்டு வராதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையுங்கள்.

அம்மான் பச்சரிசி, கீழாநெல்லி, குப்பைமேனி: விதையால் பரவும் ஒரு பருவச் செடிகள். ஈரத்தில் இரண்டு விரலால் பிடுங்கினாலே வரும்.

மூக்குத்திப் பூண்டு, பொடுதலை: கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். புல்வெட்டி இவற்றின் தலைக்கு மேலாகப் போய்விடும். பொடுதலை ஈரமும் லேசான உப்பும் உள்ள இடத்தில் நன்றாக வரும். கொடியை ஒரு முனையில் பிடித்துக் கணு கணுவாக உரித்தெடுக்க வேண்டும்.

சிறுபுள்ளடி: மூன்று சிறு இலை கொண்ட படர்செடி, பயறு குடும்பம். இது நிறைய இருந்தால் மண்ணில் தழைச்சத்து குறைவு என்று அர்த்தம். புல்லுக்குச் சாப்பாடு போட்டால் இது தானாக ஒதுங்கும்.

பார்த்தீனியம், நாயுருவி: நிமிர்ந்து வளர்பவை. பூப்பதற்கு முன் திரும்பத் திரும்ப வெட்டினாலே புல்தரையில் நிலைக்காது. பார்த்தீனியத்தைக் கையுறை போட்டுப் பிடுங்குங்கள். 1950-களில் புனேவில் முதலில் கவனத்துக்கு வந்த செடி அது. அதைத் தின்ன 1984-ல் மெக்சிகோ வண்டை இறக்கிவிட்டும் இன்றுவரை முழுசாக ஒழியவில்லை.

உமரி: ஏரியோரத்து உவர் நிலத்தில் இருப்பது. இது புல்தரைக்குள் வந்தால் களையாக நினைக்காதீர்கள். உப்பு ஏறுகிறது என்ற எச்சரிக்கை.

மண்ணுக்குள் ஒரு டெபாசிட்

களை விதைகள் மண்ணுக்குள் உறங்கும் கணக்கை 'விதை வங்கி' என்கிறார்கள். வங்கிக்காரனான எனக்கு அது உடனே புரிந்தது. ஒரு நெருஞ்சிச் செடியை முள் உதிர விட்டால் அது டெபாசிட். விதை பல ஆண்டுகள் உறங்கும். ஒரே மழைக்கு எல்லாம் முளைக்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். ஆகவே ஒருமுறை சுத்தம் செய்து கைகழுவும் வேலை இல்லை இது. புது டெபாசிட்டை நிறுத்த வேண்டும். பழைய இருப்பைக் கரைக்க வேண்டும். காலி இடத்தைப் புல்லால் நிரப்ப வேண்டும்.

பாடு போட்டுப் பிரித்தோம்

அரை ஏக்கரில் ஆள் வைத்துக் களையெடுக்கப் பணம் எங்கே? வழி சொன்னவர் ஒரு பெரியவர். ஏரியில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் 'பாடு' வழக்கம் பழவேற்காட்டில் தலைமுறைகளாக உண்டு. "கடலுக்கே பாடு போடுறோம், களைக்குப் போட மாட்டமா?" என்றார். பழைய படகுக் கயிற்றால் திடலைப் பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தோம். சில வீடுகளுக்கு ஒரு கட்டம் என முறை. மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை, மற்ற நாளில் மாதம் ஒருமுறை.

முதல் வேலை, ஏற்கெனவே உதிர்ந்து கிடந்த முள். ஈரச் சாக்கை இழுத்துப் பார்த்தோம், ஓரளவு ஒட்டியது. அந்தப் பெரியவரே, கழித்துப் போட்ட பழைய வலையை நாலைந்து மடிப்பாக மடித்து, மேலே ஒரு கட்டையை வைத்துக் கட்டி, ஏர் போல இழுக்கச் சொன்னார். முள் கொத்துக் கொத்தாக ஏறியது! வலைக்கு நெருஞ்சி பகை என்றால் நெருஞ்சிக்கும் வலைதான் பகை. முதல் நாளில் இரண்டு மரக்கால் முள் சேர்ந்தது. எடுத்ததை எரித்தோம். குப்பைக் குழியில் போட்டால் முள் மறுபடி எருவோடு திடலுக்கே வரும். ஒன்று கவனம்: இழுத்த வலை நைந்தால் உடனே மாற்றிவிடுங்கள், நைலான் இழை தரையில் தங்கக் கூடாது.

இரண்டாவது, மழை பெய்த மறுநாள் ஈரத்தில் களைக்கொத்தை மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழம் சரித்து நுழைத்து, நெருஞ்சியின் கழுத்தை அறுத்தோம். பூ கண்ணில் பட்டாலே போதும், காய்க்கக் காத்திருக்கக் கூடாது. மூக்கிரட்டைக்கு மட்டும் கடப்பாரை.

மூன்றாவது, மண் இறுகிக் கிடந்த வாலிபால் கோர்ட் ஓரங்களில் ஒரு சாண் இடைவெளியில் கடப்பாரையால் குத்தித் துளை போட்டோம். இறுகிய மண்ணில் புல்வேர் திணறும், களை சுகமாக இருக்கும்.

நான்காவது, புல்லுக்குச் சாப்பாடு. சலித்த தொழுவுரத்தை மணலோடு கலந்து, ஐப்பசி மழை தொடங்கும்போது அரை விரல் கனத்துக்குத் தூவினோம். குப்பத்தில் மீன் கழிவுக்கா பஞ்சம்? மீன் கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை, மூடி வைத்து 21 நாள். அந்த மீன் அமிலத்தைப் பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி கலந்து மாதம் ஒருமுறை தெளித்தோம்.

ஐந்தாவது, களை எடுத்த வெற்றிடத்தில் அதே வாரம் அருகம்புல் தண்டை ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். வெறும் மண் கிடந்தால் அடுத்த களைக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம் என்று அர்த்தம்.

ஆறாவது, உயரம். ஒட்ட வெட்டிய புல்தரையில் வெயில் மண்வரை இறங்கும், களை விதை முளைக்கும். மூன்று விரல் உயரம் புல் நிற்கட்டும். ஆடுகளை நெருஞ்சி உள்ள கட்டத்தில் மேய விடவில்லை. நெருஞ்சியை அதிகம் தின்ற ஆடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் முகம் வீங்கும் நோய் தென்னாப்பிரிக்காவில் நன்கு தெரிந்த ஒன்று.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "இதைத் தின்ன ஒரு வண்டு இல்லியா சார்?" என்று கேட்டார். இருக்கிறது. சைக்கிள் டயரைக் குத்துவதால் அமெரிக்காவில் இதற்குப் 'பஞ்சர் கொடி' என்றே பெயர். அங்கே 1961-ல் இத்தாலியிலிருந்து கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். சில இடங்களில் குறைந்தது, ஒழியவில்லை. நெருஞ்சி நம் நாட்டுச் செடி, அதைத் தின்னும் பூச்சிகளும் இங்கே உண்டு. மருந்தடிக்காமல் இருந்தாலே அவை பிழைத்திருக்கும்.

நம் பக்கத்துத் தப்பும் ஒன்று

'இயற்கைக் களைக்கொல்லி' என்று ஒரு குறிப்பு நம் நண்பர்கள் மத்தியில் சுற்றுகிறது. கல்லுப்பு, கோமியம், சோப்புக் கரைசல் கலந்து அடி என்று. நானும் என் லானின் ஒரு மூலையில் அடித்தேன். இரண்டு நாளில் களை கருகியது, பெருமையாக இருந்தது. மறுமுறையும் அடித்தேன். அப்புறம் அருகம்புல்லே போனது. இரண்டு மழைக்காலம் அந்த மூலை வெறும் தரையாகக் கிடந்தது.

களை சாவது உப்பால்தான். உப்பு மக்காது, மண்ணிலேயே தங்கும். ஏரியோரத்தில் நாம் உப்பை வெளியேற்றப் போராடுகிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உவர் ஏறிய வயல்களை மீட்க நம்மாழ்வார் ஐயா உழவர்களோடு நின்று பாடுபட்டது நமக்குத் தெரியும். அப்படியிருக்க நாமே காசு கொடுத்து வாங்கி மண்ணில் உப்பைக் கொட்டலாமா? கடையில் வாங்காத விஷம் என்பதால் அது இயற்கை ஆகிவிடாது. சிமெண்டுப் பாதை இடுக்கில் முளைப்பதற்குக் கொதிநீர் ஊற்றுங்கள், போதும்.

ஒரு வருடம் கழித்து

கணக்கு எழுதுவது என் பழைய வியாதி. முதல் இழுப்பில் இரண்டு மரக்கால் முள். அடுத்த தை மாதம் அதே திடலில் அதே வலை இழுப்பில் அரைப்படி. பன்னிரண்டு கட்டத்தில் ஒன்பது கட்டம் வலை விரிக்கத் தகுதியாகிவிட்டது. சவுடு கொட்டிய மூன்று கட்டத்தில் இன்னும் முளைக்கிறது. இரண்டு கட்டத்துக்காரர்கள் முறை வந்தும் வராமல் இருந்தார்கள், அதற்கும் சண்டை நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை.

ஊர்க் கூட்டத்தில் அந்தத் தம்பி மறுபடி எழுந்தார். மருந்துதான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "இனிமே சவுடு வந்தா கொட்டுறதுக்கு முன்னாடி லோடுல பாக்கணும் சார். முள்ளு இருந்தா திருப்பி அனுப்பிடணும்" என்றார். இந்த ஒரு வருடத்தில் நான் சொல்லத் தவறியது அதுதான். களை எந்த வாசல் வழியாக வருகிறதோ அந்த வாசலில் நிற்க வேண்டும். மண், எரு, வைக்கோல், மாட்டின் குளம்பு, டிராக்டர் டயர், எல்லாமே வாசல்தான்.

வீட்டு லானாக இருக்கட்டும், தோப்புக்குள் மேய்ச்சல் தரையாக இருக்கட்டும், ஊர்த் திடலாக இருக்கட்டும். இந்த ஐப்பசி மழைக்கு மறுநாள் ஒரு அரை மணி நேரம் குனிந்து பாருங்கள். இரண்டு விதையிலையோடு நிற்கும் குஞ்சுச் செடியைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டு, இரண்டு விரலால் எடுத்துவிடுங்கள். முள் வரும்வரை காத்திருந்தால்தான் கடைக்காரர் நினைவுக்கு வருவார்.

மேற்கு வேலிப் பாட்டியம்மா இந்த வருடமும் அவரை போட்டிருக்கிறார்கள். கடல்காற்று அதே திசையில்தான் அடிக்கிறது. பந்தல் பச்சையாக நிற்கிறது.